தலையெழுத்தும் தண்டெலும்பும்

திண்டுக்கல் என்றதும் கோட்டையைத்தான் நினைப்பார்கள். ஊர் நடுவே ஓங்கி நிற்கும் அந்தப் பாறையைப் பற்றி ஏடுகள் எவ்வளவோ பேசுகின்றன. மதுரை நாயக்கர் அரண் எழுப்பினர். 1755-இல் ஐதர் அலி அங்கே பொறுப்பேற்றார். திப்புவின் ஆட்சி நடந்தது. 1790-இல் வெள்ளையர் படை கைப்பற்றியது. யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதுதான் வரலாறு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பாறையையும் அதைச் சூழ்ந்த சமவெளியின் அடிப்பாறையையும் நம்பி வாழ்ந்த உழவன் என்ன ஆனான்? பாறை ஊற்றின் நீரை நாற்பது ஆண்டு குடித்தவனின் முதுகு என்ன ஆயிற்று, முழங்கால் என்ன ஆயிற்று? இதை எழுத அரண்மனைப் புலவர் எவரும் முன்வரவில்லை. நாம் எழுதிப் பார்ப்போம்.

நிலக்கோட்டைப் பக்கமும் வேடசந்தூர்ப் பக்கமும் சிற்றூர்களில் நடந்து பார்த்தவர்கள் கண்டிருப்பார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் சிலர் கழுத்தை மட்டும் திருப்புவதில்லை. உடம்பு முழுவதையும் மரப்பாவை போலத் திருப்பிப் பார்ப்பார்கள். கீழே விழுந்த காசை எடுக்கப் பக்கத்திலிருக்கும் பேரனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பேரன் சிரித்தால் பல்லில் காவி நிறத்தில் கோடுகள் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால், நெற்றியை விரலால் தட்டிக் காட்டுவார்கள், தலையெழுத்தாம்! 

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். சுடுகாட்டில் கிடக்கும் மண்டையோட்டின் மேல் நெளிநெளியாகக் கோடுகள் ஓடுவதைக் கண்ட நம் முன்னோர், எவனோ எழுத்தாணி பிடித்து எழுதியது போலிருக்கக் கண்டு மயங்கினர். மயக்கத்தை மந்திரமாக்கக் காத்திருந்தோர், பிரமன் எழுதியது, அழிக்க இயலாது, படிக்கவும் இயலாது என்றனர். படிக்க இயலாத எழுத்துக்குப் பொருள் சொல்ல மட்டும் அவர்களால் இயன்றது. அதற்குத் தட்சணையும் உண்டு.

அந்தக் கோடுகள் என்ன? மண்டையோடு ஒரே எலும்பாக வார்க்கப்பட்ட கலயமன்று. பல தகடுகள் பற்பற்களாக ஒன்றோடொன்று கோத்துச் சேர்ந்தது. சேருமிடத்து விளிம்புகளே அந்தக் கோடுகள். குழந்தை பிறக்கும்போது தகடுகளுக்கிடையே மெல்லிய சவ்வே இருக்கும். தாயின் இடுப்பெலும்பு வளையத்தின் வழியே தலை வெளிவர வேண்டுமே. தகடுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து இடங்கொடுக்கின்றன. பிறந்த பின் மூளை வளர்கிறது. அது வளர இடைவெளி வேண்டும். பச்சைக் குழந்தையின் உச்சியில் கை வைத்தால் துடிப்பது தெரிகிறதே, அந்த உச்சிக்குழி இன்னும் மூடாத இடைவெளிதான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அது மூடிக்கொள்ளும். நம் பாட்டிமார் அனைவருக்கும் தெரிந்த குழி அது! விதி எழுதப்பட்ட இடமென்று எவன் சொன்னானோ, அந்த இடம் வளர்ச்சிக்காகத் திறந்து வைக்கப்பட்ட வாயில்.

எலும்பை உலர்ந்த கழி போன்ற பொருள் என்று எண்ணுவோர் பலர். உயிரோடிருப்பவன் உடம்பில் அது உயிருள்ள உறுப்பு. குருதி பாய்வது, வலிப்பது, நாள்தோறும் இடிந்து நாள்தோறும் எழுவது. அதன் அமைப்பை அறிய மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. சீரகச்சம்பா பிரியாணியால் பேர்பெற்ற ஊர் திண்டுக்கல். எலும்புக்கு அங்கே பஞ்சமில்லை. கோழிக்கால் எலும்பு இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவையுங்கள். இன்னொன்றை அடுப்புத் தணலில் இட்டு வெண்மையாகும்வரை சுடுங்கள். காடியில் ஊறியது வளைந்து கொடுக்கும், இரப்பர் போலாகிவிடும். தணலில் வெந்தது உருக்குலையாமல் நிற்கும். விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். முதல் எலும்பிலிருந்து காடி சுண்ணாம்புத் தாதுவைக் கரைத்து எடுத்துவிட்டது. எஞ்சியது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். இரண்டாவதில் நெருப்பு புரதத்தைத் தின்றுவிட்டது, எஞ்சியது தாது. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதியில் பெரும்பங்கு நார். தாது அழுத்தத்தைத் தாங்குகிறது. நார் இழுப்பைத் தாங்குகிறது. கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றும் கொத்தனார் தெரிந்தோ தெரியாமலோ தன் தொடையெலும்பின் இரகசியத்தைத்தான் கையாள்கிறார்.

அந்தத் தாதுவின் பெயர் ஹைட்ராக்சி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம்; அதில் ஹைட்ராக்சில் என்னும் சிறு துகளுக்கு ஓர் இருக்கை உண்டு. இந்த இருக்கையை வாசகர் மறக்க வேண்டா. நம் கதையில் திருடன் வந்து அமரப்போகும் இடம் அது.

எலும்பின் உள்ளே பாருங்கள். 1691-இல் கிளாப்டன் ஹேவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எலும்பைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். கெட்டி எலும்புக்குள் ஓடும் நுண்குழாய்கள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஒவ்வொரு குழாயையும் சுற்றி, வெட்டிய மரத்தின் வளையம் போல அடுக்கடுக்கான எலும்பு. குழாயினுள் குருதி நாளம். வளையங்களுக்கிடையே அடைபட்ட சிற்றறைகளில் உயிரணுக்கள். எலும்பின் முனைகளில் கடற்பஞ்சு போன்ற வலை. வலையின் கண்களிலும் சில எலும்புகளின் நடுப்பொந்திலும் மச்சை. நல்லி எலும்பை உறிஞ்சி மகிழ்வோர் அறிந்த பொருளே. நம் உடலில் சிவப்பு மச்சை ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சத்துக்குக் குறையாத குருதிச் சிவப்பணுக்களைச் செய்துகொண்டிருக்கிறது. உடல் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருப்பு. நெஞ்சு துடிக்கவும் தசை சுருங்கவும் கால்சியம் குறைந்தால், எலும்பு தன் களஞ்சியத்தைத் திறந்து கொடுக்கும். தானே மெலிந்து பிறரைக் காக்கும் அந்த ஈகை அரசவைக் கவிஞர் கண்ணில் படாமல் போயிற்று.

1866-இல் சூரிச் நகரில் நடந்தது சுவையான செய்தி. மேயர் என்ற உடற்கூற்று அறிஞர் தொடையெலும்பின் தலையை நெடுக்கே அறுத்து அந்த வலைக் கோடுகளை வரைந்து காட்டினார். குல்மன் என்ற பாலப் பொறியியல் அறிஞர் அதைக் கண்டு வியந்தார். பாரந்தூக்கிப் பொறிக்கு அவர் கணக்கிட்டு வரைந்த விசைக் கோடுகள் அந்தப் படத்தில் இருந்தன! எந்த வழியில் பாரம் இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு தடிக்கிறது. ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் இதை ஒரு விதியாகவே வகுத்தார். உழைப்பவனின் எலும்பு உழைப்புக்கேற்பத் திருந்துகிறது. படுக்கையிலே கிடப்பவனின் எலும்பு இளைக்கிறது. பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துத் தேய்த்த கையை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை. எக்ஸ்ரே எடுத்தாலே அதன் வரலாறு தெரியும்.

இவ்வளவையும் அறிய மனிதன் பட்ட பாடு சிறிதன்று. நம் நாட்டில் அறிவு தொடங்கிய இடமும் உண்டு, அதைத் தடுத்த கையும் உண்டு. சரக சம்ஹிதை எலும்பு 360 என்றது. சுசுருதர் 300 என்றார். வேதவழி சொல்வோர் 360 என்பர், அறுவை நூலின்படி 300-தான் என்று பிரித்தே எழுதினார். இன்றைய கணக்கு வளர்ந்தவருக்கு 206. முன்னோர் அறியாமையால் கூட்டிச் சொன்னார்கள் என்று நகைப்பது நேர்மையாகாது. சரகர் பற்களையும், பற்குழிகளையும், நகங்களையும் சேர்த்தெண்ணினார். சுசுருதர் பற்களோடு குருத்தெலும்புகளையும் சேர்த்தார். மேலும் அவர் பிணத்தை எப்படி ஆராய வேண்டும் என்றே வழி சொன்னார். உறுப்புக் குறையாத உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, வேர், மயிர், மூங்கில் ஆகியவற்றாலான தூரிகை கொண்டு மெல்ல மெல்லத் தேய்த்து, தோலிலிருந்து எலும்புவரை ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காணவேண்டுமென்றார். கண்ணால் கண்டதும் நூலில் கற்றதும் சேர்ந்தால்தான் அறிவு என்பது அவர் கட்சி. இதுவன்றோ அறிவியல்!

பிறகு என்ன ஆயிற்று? மனுவின் நூலைப் புரட்டுங்கள். ஐந்தாம் அத்தியாயம். கொழுப்பு ஒட்டிய மனித எலும்பைத் தொட்ட பார்ப்பனன் குளிக்க வேண்டும்; காய்ந்த எலும்பானால் நீரை உறிஞ்சிவிட்டுப் பசுவைத் தொட்டாலோ கதிரவனைப் பார்த்தாலோ போதும். எலும்பைத் தொட்டால் தீட்டு என்றான பின், தொடாமல் எப்படிக் கற்பது? ஏட்டை மனப்பாடம் செய்வோர் உயர்ந்தார். உடலைத் தொட்டு மருத்துவம் செய்தோர் தாழ்ந்தார். எலும்பு கட்டியவரும், மகப்பேறு பார்த்த நாவிதப் பெண்ணும், பிணம் எரித்தவரும் உடம்பை அறிந்திருந்தனர். அவர்கள் கையில் ஏடு இல்லை. ஏடு இருந்தவரோ உடம்பைத் தொடவில்லை. இந்தப் பிளவில் நம் மருத்துவம் எத்தனையோ நூற்றாண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

ஐரோப்பா மட்டும் யோக்கியமா? அங்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு காலன் என்ற கிரேக்கர் எழுதியதே வேதம். அவர் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பிற விலங்குகளையும்! 1543-இல் வெசாலியஸ் என்ற இளைஞர், மனித உடலைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்து எழுதிய பெருநூலை வெளியிட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார் காலன்; ஒன்றுதான் என்று காட்டினார் வெசாலியஸ். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாளைப் படைத்ததால் ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று நம்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தார், இருபாலர்க்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு. எண்ணிப் பார்ப்பது அவ்வளவு அபாயகரமான செயல்!

நம் நாட்டில் அந்தத் தீட்டு வேலியைத் தாண்டியவர் மதுசூதன் குப்தர். ஆயுர்வேதம் கற்பித்த பண்டிதர் அவர். 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணத்தின் மீது கத்தி வைத்தார். அதைக் கொண்டாடக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கூறுவர். முழங்கியதோ இல்லையோ, முழங்கத்தக்க செயல். சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 1835-இல். அந்தப் பள்ளி வளர்ந்த கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தாம் பின்னாளில் நம் கதைக்கு வரப்போகிறார்கள். 

அதற்கு முன் குருத்தெலும்பைப் பற்றி ஒரு சொல். சுசுருதர் எலும்பை ஐந்து வகையாகப் பிரித்தபோது மூக்கிலும் காதிலும் உள்ளதற்குத் தருணம், அதாவது இளையது, என்று பெயரிட்டார். தமிழன் வைத்த பெயர் அதனினும் பொருத்தம். பனைக்கும் வாழைக்கும் குருத்து உண்டு. அதுவே முதிர்ந்து மட்டையாகிறது, இலையாகிறது. கருவில் நம் கை கால் எலும்புகளும் அப்படித்தான். முதலில் குருத்தெலும்பாக உருவாகி, இரண்டாம் திங்கள் முடிவிலிருந்து சிறுகச் சிறுக எலும்பாகின்றன. பிறக்கும்போது ஏறத்தாழ 270 துண்டு. வளர வளர இணைந்து 206. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் இரு முனையிலும் ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. அதுதான் உயரத்தின் ஊற்று. பருவம் முடிந்து அது எலும்பாகிவிட்டால் பிறகு எந்த மருந்தும் உயரம் கூட்டாது. செய்தித்தாளில் வரும் உயர வளர்ச்சி மருந்து விளம்பரங்களை நம்பிக் காசு இழப்போர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூட்டில் எலும்பு எலும்போடு உராயாதபடி வழவழப்பான பளிங்குக் குருத்து போர்த்தியிருக்கிறது. அதற்குள் குருதி நாளமில்லை, நரம்புமில்லை. பெரும்பங்கு நீர். அந்த நீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள் நார்வலைக்குள் பொதிந்துள்ளன. நாம் அடியெடுத்து வைக்கும்போது நீர் சற்றே பிதுங்குகிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் பிழிவிலும் உறிஞ்சலிலும்தான் அதற்கு உணவே கிடைக்கிறது. குருதி இல்லாததால், கெட்டால் எளிதில் ஆறாது. வில்லியம் ஹண்டர் என்பார் 1743-லேயே இலண்டனில் இதை எடுத்துச் சொன்னார். இன்றைய அறுவை மருத்துவரும் அவரோடு பெரிதும் உடன்படுகிறார். தண்டெலும்பின் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போலிருப்பது நார் கலந்த இன்னொரு வகைக் குருத்து. காதுமடலில் இருப்பது மடக்கினாலும் நிமிரும் வகை.

திண்டுக்கல்லைப் பற்றிப் பேசும்போது தோல் பதனிடும் சாலைகளைச் சொல்லாமல் விட முடியாது. ஆவாரம்பட்டையில் ஊறிய காலமும் உண்டு, குரோமிய உப்பில் ஊறும் காலமும் உண்டு. அவற்றின் கழிவுநீர் கொடகனாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் சாலைகள் பற்றி அளித்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டத்தின் பெயரும் இடம்பெற்றது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே நாம் சொல்ல வந்தது வேறு. தொட்டியில் இறங்கி மாட்டுத்தோலை மிதித்த பாட்டாளியைத் தீண்டத்தகாதவன் என்றார்கள். அவன் கையாண்ட பொருள் எது? கொலாஜன். தோலைத் தோலாக நிறுத்துவது எந்த நார்ப்புரதமோ, அதே வகைப் புரதம்தான் எலும்பையும் எலும்பாக நிறுத்துகிறது. தீட்டு என்று ஒதுங்கி நடந்தவனின் தண்டெலும்பிலும் அதுவே; பூணூல் தொங்கும் தோளெலும்பிலும் அதுவே. உடம்பெல்லாம் அதை நிரப்பிக்கொண்டு, அதைத் தொட்டவனைத் தொடமாட்டேன் என்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

இனித் திருடன் வரும் கதை.

1930-களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோய். முதலில் மாடுகளிடம்தான் கண்டார்கள். உழவு மாடு மூட்டு விறைத்து நடக்க மாட்டாமல் நின்றது. மனிதரும் அவ்வாறே. இளமையில் பல் கறை. நடுவயதில் முதுகும் கழுத்தும் விறைப்பு. பிறகு குனிய முடியாது, நிமிரவும் முடியாது. முற்றியவர்க்குத் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழந்தன. கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், சி. ஜி. பண்டிட், நீர்ப்பகுப்பாய்வாளர் டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகியோர் ஆராய்ந்து 1937-இல் முடிவை வெளியிட்டனர். அதே ஆண்டு ஷார்ட்டோடு சென்னை மருத்துவர்களான மக்ராபர்ட்டும், கதிரியல் வல்லுநர் பர்னார்டும், நாயரும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினர். 1934-இல் சென்னையில் திறக்கப்பட்ட கதிரியல் நிலையம் அந்தப் பர்னார்டின் பெயரைத்தான் தாங்கியுள்ளது. (ஷார்ட் பின்னாளில் மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருக்கும் பருவத்தைக் கண்டறிந்தவருள் ஒருவர், பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.) எக்ஸ்ரே படத்தில் முள்ளெலும்புகள் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து அடர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எலும்புகளை இணைக்கும் நார்களும் கல்லாகியிருந்தன.

காரணம் கிணற்று நீரில் கரைந்திருந்த புளோரைடு. டென்மார்க்கில் கிரையோலைட் என்னும் தாதுவை அரைத்த தொழிலாளர் எலும்பில் இதே கேட்டை 1932-இல் கண்டிருந்தனர். அங்கே தொழிற்சாலைத் தூசு. இங்கே தாகத்துக்குக் குடித்த தண்ணீர்!

புளோரைடு செய்வது என்ன? மின்னேற்றத்திலும் பருமனிலும் அது ஹைட்ராக்சில் துகளுக்கு நிகரானது. ஆகவே எலும்புப் படிகத்தில் நாம் முன்னே குறித்த இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்கிறது. சிறிதளவானால் பல்லுக்கு நன்மையே. அளவு மிஞ்சி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால், எலும்பு கட்டும் அணுக்கள் வெறிகொண்டது போல் கட்டத் தொடங்குகின்றன. எலும்பு தடிக்கிறது, ஆனால் ஒழுங்கற்ற கட்டடம். விளிம்பில் முள்முள்ளாய் வளர்கிறது, நார்களில் சுண்ணாம்பு படிகிறது, மூட்டு பூட்டிக்கொள்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரின் மக்களுக்குச் சாவியில்லாத பூட்டு! ஆண்டுதோறும் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுவதால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் குடித்த நீர் பதிவாகிறது. பிரமன் மண்டையில் எழுதவில்லை; பாறை தண்டெலும்பில் எழுதியது.

திண்டுக்கல் சமவெளியின் அடியில் கிடப்பவை மிகப் பழைய கடும்பாறைகள். அவற்றிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற தாதுக்களிலிருந்து புளோரைடு மெல்ல நீரில் இறங்குகிறது. நீர் பாறை வெடிப்பில் நெடுநாள் தங்கினால், அதில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்தால், புளோரைடு ஏறும். மழை வளம் குறைந்த மேட்டு நிலத்துக்கு இதெல்லாம் பொருந்துகிறது. கமலை கட்டி இறைத்த காலத்தில் மேல்மட்ட ஊற்று போதுமாயிருந்தது. மின்பொறி வந்தது, நீர்மட்டம் இறங்கியது. 1970-களிலிருந்து ஆழ்குழாயும் கைப்பம்பும் ஊர்தோறும் வந்தன. காலராவிலிருந்து மக்களைக் காத்த நல்ல திட்டம்தான் அது. ஆனால் பல இடங்களில் துளை ஆழத்துப் பாறைநீரைத் தொட்டது. நீரில் கிருமி உண்டா என்று பார்த்தவர்கள் கல் உண்டா என்று பார்க்கவில்லை. உலக நல நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்; இந்தியத் தர நிர்ணயமோ 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்றது என்கிறது. நிலக்கோட்டை ஒன்றியத்திலும் வேடசந்தூர்ப் பகுதியிலும் அந்த வரம்பைத் தாண்டிய ஊற்றுகளை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் ஒடுக்கப்பட்டோர்க்கும் திறந்திருக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. சட்டத்தில் நிறைவேறியது ஊரில் நிறைவேற எத்தனை காலம்! ஊர்க் கிணறு வேறு, சேரிக் கிணறு வேறு என்று பிரித்தார்கள். புளோரைடுக்கு அந்தப் பிரிவினை தெரியாது, இரண்டிலும் இறங்கும். ஆயினும் நோய் சமமாக வருவதில்லை. பாலும் கீரையும் பருப்பும் உண்பவன் உடலில் கால்சியம் புளோரைடைக் குடலிலேயே ஓரளவு தடுத்து நிறுத்தும். கூழைக் குடித்து வெயிலில் உழைப்பவனுக்குத் தாகம் அதிகம், குடிக்கும் நீர் அதிகம், தடுக்கும் சத்து குறைவு. கைப்பம்பு நீர் சுவைக்கவில்லையென்றால் பணக்காரன் கேன் தண்ணீர் வாங்குகிறான். கூலிக்காரன் அதையே குடிக்கிறான். 1973-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த பகுதியில் ஏழைப் பிள்ளைகளின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து முட்டுவதை எடுத்தெழுதினர். வளரும் எலும்பைத் தாக்கும் கேடு அது. முற்பிறப்பில் பாவம் செய்தவர்களெல்லாம் தேர்ந்தெடுத்து ஏழைக் குடிசையிலேயே வந்து பிறக்கிறார்களா என்ன?

இந்த வட்டாரத்தில் முருங்கை செழித்து வளர்கிறது. ஒட்டன்சத்திரச் சந்தையிலிருந்து காய் வெளியூருக்கு வண்டி வண்டியாய்ப் போகிறது. கால்சியம் நிறைந்த கீரையோ வேலியோரம் உதிர்கிறது. வேப்பிலை கட்டி நேர்ந்துகொள்வதற்குப் பதிலாக அந்தக் கீரையைச் சட்டியில் போட்டிருந்தால் கொஞ்சமாவது பயன் இருந்திருக்கும். மூட்டு விறைத்தவர்களை இழுத்து உருவிக் கட்டுப் போடும் இடங்களும் உண்டு. எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரின் கைத்திறனை நாம் இகழவில்லை. ஆனால் எக்ஸ்ரே பாராமல் இறுகக் கட்டிக் கை அழுகிப் போனவர்களும் இருக்கிறார்கள். புளோரைடால் ஒட்டிய முதுகை இழுத்தால் பிரியாது, ஒடியும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் ஏராளம். கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். 1970-களில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு புளோரைடைப் படியவைக்கும் முறையை வகுத்தது. நல்கொண்டா முறை என்று பெயர். சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் வேதியியலார் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த வேலை நமக்கு மிகவும் பிடித்தது. எலும்பின் தாதுவாகிய ஹைட்ராக்சி அபடைட்டையே மிக நுண்ணிய துகளாகச் செய்து, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனோடு சேர்த்து, நீரிலுள்ள புளோரைடை ஈர்க்க வைத்தனர். மனித எலும்பில் ஏறவிருந்த திருடனுக்குப் பாத்திரத்திலேயே இருக்கை போட்டுக் கொடுக்கும் வேலை!

ஆயினும் பெரிய தீர்வு ஆற்று நீர்தான். தருமபுரி, கிருட்டிணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் புளோரைடு ஒழிப்பைப் பெயரிலேயே தாங்கி வகுக்கப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. திண்டுக்கல் நகருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் உதவுகின்றன. நகரத்தைத் தாண்டிய சிற்றூரில் குழாய் இருக்கும். நீர் வராத நாளும் இருக்கும். வராத நாளில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அதே பழைய பம்புக்குப் போகிறார்கள். இடுப்பெலும்பில் குடம், குடத்துக்குள் எலும்பைக் கெடுக்கும் நீர். ஊராட்சி மன்றத்தில் எந்தக் குழாயின் நீர் குடிக்கத்தக்கது, எது துவைக்க மட்டும் தக்கது என்று சிவப்பு, நீல வண்ணம் பூசக்கூட ஒரு தீர்மானம் போதும்.

ஒன்றிய அரசு 2008-09-இல் புளோரைடு நோய்த் தடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் சுகாதாரப் பணியாளர்க்குக் கற்பிக்கும் சோதனைகள் மிக எளியவை: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடு, மோவாயை மார்பில் வை, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நீருக்கும் சோதனை உண்டு. சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் கலந்த சிவந்த கரைசலில் கிணற்று நீரைச் சில துளி விட்டால், புளோரைடு இருக்குமளவுக்குச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்களில் அந்தச் சிறு புட்டியை வைத்து, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்து பார்க்கும்படி செய்யலாம். நிறத்தை ஒப்பிட ஓர் அட்டையும், ஊர்ப்பெயரும் அளவும் எழுத ஒரு நோட்டும் இருந்தால் போதும்.